85% வெற்றி என்கிறார் பயிற்சியாளர், ஜோசியம் என்கிறார் அண்ணன்: நான் யாரை நம்புவது?

கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 38, துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கோவையில் நடந்த ஓர் இலவச வகுப்பில் 'பிரேக்அவுட்' முறை ஒன்றைக் கற்றுக்கொண்டாராம். ஒரு பங்கு கடந்த 20 நாள் உச்சத்தைத் தாண்ட வேண்டும், அன்றைய வால்யூம், அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, 20 நாள் சராசரியைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் டெலிவரியில், அதாவது அன்றைக்கே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்ளும்படி, வாங்குவது. 10 நாள் தாழ்வுக்குக் கீழே இறங்கினால் விற்றுவிடுவது. அடுத்தகட்ட வகுப்புக்குக் கட்டணம் 45,000 ரூபாய். "85 சதவீதம் வெற்றி" என்கிறார் பயிற்சியாளர். "சார்ட் பார்ப்பதும் ஜோசியம் பார்ப்பதும் ஒன்றுதான், பேசாமல் மியூச்சுவல் ஃபண்டில் போடு" என்கிறார் அண்ணன். வாசகி இரண்டு பேரையும் விட்டுவிட்டு, தானே எக்செலில் சோதித்துப் பார்த்து அந்தத் தாளையும் அனுப்பியிருக்கிறார். என்எஸ்இ சந்தையின் 50 பெரிய பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50-இன் இப்போதைய பட்டியல், 2020 ஏப்ரல் முதல் 2024 செப்டம்பர் வரை, 214 டிரேடுகள், 58% வெற்றி. சேமிப்பு 6 லட்சம். "திறந்த மனதோடு பார்க்க நினைக்கிறேன், ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை" என்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு பாராட்டு. யார் சொல்வது சரி என்று கேட்டு எனக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் வருகிறது. சோதித்த தாளோடு வருவது அபூர்வம். அதனால் உங்கள் தாளையே வைத்துப் பேசுகிறேன்.

அதற்கு முன் உங்கள் அண்ணனுக்கும் பயிற்சியாளருக்கும் ஆளுக்கொரு வார்த்தை. அண்ணனின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எஃப் அண்ட் ஓ-வில், அதாவது பிந்தைய தேதிக்கு இப்போதே விலை பேசும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களில், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்துச் சொன்னது. பங்குகளில் அன்றன்றைக்கு வாங்கி விற்பவர்களில் 2022-23இல் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம் என்பதும் செபியின் கணக்குதான். நீங்கள் செய்ய நினைப்பது இந்த இரண்டும் இல்லை, டெலிவரி. ஆனாலும் இந்த எண்களைத் தெரிந்துகொண்டு சந்தேகத்தோடு ஆரம்பிப்பதுதான் நியாயம். அதே சமயம், பெரும்பாலோர் தோற்றார்கள் என்பது அந்த மனிதர்களைப் பற்றிய செய்தி. அவர்களில் எத்தனை பேர் கையில் எழுதிவைத்த விதி ஒன்று இருந்தது என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை.

சார்ட் என்றாலே ஜோசியம் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏறிக்கொண்டிருக்கும் பங்கு சில மாதங்களுக்குத் தொடர்ந்து ஏறும் போக்கு உண்டா என்பதை நரசிம்மன் ஜகதீஷ், ஷெரிடன் டிட்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1993இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 1965 முதல் 1989 வரையிலான அமெரிக்கப் பங்குகளில், ஆறு மாதம் நன்றாக ஏறியவற்றை வாங்கி, மோசமாக இறங்கியவற்றை விற்று, ஆறு மாதம் வைத்திருந்தால் ஆண்டுக்குச் சுமார் 12% கூடுதல் வருமானம் கிடைத்திருக்கிறது. நம் என்எஸ்இயே 2020இல் இப்படி ஏறும் போக்குள்ள 30 பங்குகளை வைத்து 'நிஃப்டி200 மொமென்ட்டம் 30' என்று ஓர் இண்டெக்ஸ் கொண்டுவந்தது. உங்கள் 20 நாள் விதி இதற்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். அந்த ஆராய்ச்சி உங்கள் முறைக்குச் சான்றாகிவிடாது. எடுத்த எடுப்பில் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு மட்டும் அது போதும்.

பயிற்சியாளர் விஷயத்துக்கு வருகிறேன். 20 நாள் உச்சத்தில் வாங்கு, 10 நாள் தாழ்வில் வெளியேறு என்பது அவர் கண்டுபிடித்த ரகசியம் அல்ல. சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற வணிகருக்கும் அவருடைய கூட்டாளி வில்லியம் எக்ஹார்ட்டுக்கும், டிரேடிங்கைச் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியுமா என்று ஒரு வாக்குவாதம். அதைத் தீர்க்க 1983இல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தார்கள். 'ஆமைகள்' என்று பெயர் வைத்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டு விதித் தொகுப்புகளில் ஒன்றின் அடிப்படை இதேதான்: 20 நாள், 10 நாள். அந்த விதிகள் பொதுவெளிக்கு வந்தே பல வருஷம் ஆகிறது. அவர்களில் சிலர் பெரும் பணம் சம்பாதித்ததும் உண்மை, 1988இல் டென்னிஸ் அந்தத் திட்டத்தை மூடியதும் உண்மை. ஆனால் அவர்கள் செய்தது ஃபியூச்சர்ஸில். கச்சா எண்ணெய், தங்கம், நாணயம், கடன் பத்திரம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பு குறைந்த பல சந்தைகளில், ஏறினாலும் இறங்கினாலும் செய்தார்கள். நீங்கள் ஒரே நாட்டின் 50 பங்குகளில், ஏறும்போது மட்டும் செய்யப்போகிறீர்கள். சந்தை விழுந்தால் 50-ம் சேர்ந்துதான் விழும். முறை பழையது, புகழ் பெற்றது என்பதால் உங்கள் இடத்திலும் அப்படியே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம் அந்த 85%. வெற்றி விகிதத்தை மட்டும் சொல்லி ஒரு முறையை விற்றால், அது பாதிக் கணக்கு. 100 டிரேடில் 85 தடவை 1% லாபம், 15 தடவை 7% நஷ்டம் என்றால் மொத்தத்தில் 20% நஷ்டம். போக்கைப் பின்தொடரும் முறைகள் பொதுவாகப் பாதிக்கும் குறைவான டிரேடுகளில்தான் ஜெயிக்கும். ஜெயிக்கும்போது பெரிதாக ஜெயித்து மற்றதை ஈடுகட்டும். அதனால் 20 நாள் பிரேக்அவுட்டுக்கு 85% என்று ஒருவர் சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஒரு டிரேடுக்குச் சராசரியாக எவ்வளவு மிஞ்சியது என்று கேளுங்கள். உங்கள் தாளில் அது இருக்கிறது: 58% தடவை சராசரி லாபம் 6.1%, 42% தடவை சராசரி நஷ்டம் 3.8%. பெருக்கிக் கழித்தால் டிரேடுக்கு 1.94% மிஞ்சுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த 1.94-ஐ நான் அப்படியே நம்பவில்லை, காரணத்தை உங்கள் தாளின் ஒரு வரியிலேயே காட்டுகிறேன்.

37-வது வரியைப் பாருங்கள். 20 நாள் உச்சம் 612 ரூபாய். அன்றைக்கு விலை அதைத் தாண்டியது, வால்யூமும் இரண்டு மடங்குக்கு மேல், 640-இல் முடிந்தது. வாங்கிய விலை என்று நீங்கள் போட்டிருப்பது 612. காலை பத்து மணிக்கு விலை 612-ஐத் தாண்டியபோது, அன்றைய வால்யூம் இரண்டு மடங்கு ஆகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சந்தை மூன்றரைக்கு மூடிய பிறகுதான் தெரியும். அப்போது விலை 640. மறுநாள் காலை 648-இல் திறந்திருக்கிறது. விதிப்படி உங்களால் வாங்க முடிந்திருக்கும் விலை 648 தான். 36 ரூபாய் வித்தியாசம், கிட்டத்தட்ட 6%. எல்லா வரிகளிலும் இவ்வளவு இருக்காது. ஆனால் சராசரியாக இதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே உங்கள் 1.94% மொத்தமாகக் கரைந்துவிடும்.

"இல்லை, நான் பத்து மணிக்கே 612-இல் வாங்கிவிடுவேன்" என்று நீங்கள் சொல்லலாம். சரி, அப்படியும் செய்யலாம். ஆனால் அப்போது வேறொரு சிக்கல் வருகிறது. காலையில் உச்சத்தைத் தாண்டி, மதியத்துக்குள் வால்யூம் வற்றி, கீழே இறங்கிய நாட்கள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றையும் நீங்கள் வாங்கியிருப்பீர்கள். சாயங்காலம் வால்யூம் நிபந்தனை அவற்றைத் தள்ளிவிட்டதால் அவை தாளிலேயே இல்லை. விழுந்தவை மறைந்துபோய் எழுந்தவை மட்டும் மிஞ்சிய தாள் அது. கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் இதன் கனம் உங்களுக்குச் சட்டென்று புரியும். இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள்: மாலையில் உறுதிசெய்து மறுநாள் திறப்பு விலையில் வாங்குவது, அல்லது வால்யூம் நிபந்தனையை எடுத்துவிட்டுத் தாண்டிய உடனே வாங்குவது. இரண்டுமே நேர்மையான விதிகள். நீங்கள் எழுதியிருப்பது இரண்டும் கலந்த, யாராலும் நடத்திக்காட்ட முடியாத விதி.

அடுத்தது, சோதித்த பங்குகள். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்து 2020-க்குப் பின்னோக்கிப் போயிருக்கிறீர்கள். டிரென்ட், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டும் நிஃப்டியில் சேர்ந்தது 2024 செப்டம்பர் 30இல். அதற்கு முந்தைய நான்கு வருஷத்தில் அவை பல மடங்கு ஏறியதால்தான் உள்ளே வந்தன. 2020 ஏப்ரலில் உங்கள் பட்டியலில் அவை இருந்திருக்கவே முடியாது. ஒரு லாட் துணியைச் சோதிக்க வரும் ஆய்வாளரிடம் நல்ல பீஸ்களாகப் பொறுக்கி நீட்டினால் அவர் அதை வைத்து லாட்டைப் பாஸ் செய்வாரா? அந்தந்த வருஷம் நிஃப்டியில் எவை இருந்தனவோ அவற்றில்தான் சோதிக்க வேண்டும். பட்டியல் மாறும் ஒவ்வொரு முறையும் என்எஸ்இ அறிவிப்பு வெளியிடுகிறது, உட்கார்ந்து தொகுத்தால் கிடைத்துவிடும். சத்யம், யுனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், யெஸ் பேங்க் எல்லாமே ஒருகாலத்தில் நிஃப்டியில் இருந்தவை.

இவற்றைச் சேர்த்தால் முறை கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே முடிவு கட்டவும் வேண்டாம். யெஸ் பேங்க் 2018 ஆகஸ்டில் 400 ரூபாய்க்கு மேல் இருந்தது. 2020 மார்ச்சில் ஒரு கட்டத்தில் 6 ரூபாய்க்கும் கீழே போனது. நல்ல வங்கி என்று நம்பி வைத்திருந்தவர்கள் கடைசிவரை உள்ளே மாட்டிக்கொண்டார்கள். 10 நாள் தாழ்வு விதி அந்தச் சரிவின் தொடக்கத்திலேயே வெளியே தள்ளியிருக்கும். அப்புறம் மொத்தச் சரிவிலும் அந்த விதி எத்தனை முறை உள்ளே இழுத்து வெளியே துப்பியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். திருத்தம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏற்றுக்கொள்ளும் மனசு இருந்தால் போதும், நீங்கள் கேட்ட திறந்த மனம் அதுதான்.

காலமும் ஒரு பிரச்சினை. 2020 மார்ச் 23இல் நிஃப்டி 7,610-இல் முடிந்தது. 2024 செப்டம்பர் 27இல் 26,277 வரை போனது. மூன்று மடங்குக்கு மேல். இந்தக் காலத்தில் எந்த முறையில் வாங்கியிருந்தாலும் பெரும்பாலும் லாபம்தான், சீட்டுக் குலுக்கிப் போட்டு வாங்கியிருந்தாலும்கூட. 6,357-இலிருந்து 2,252 வரை விழுந்த 2008, இறங்கிக்கொண்டே போன 2011, நகராமல் இழுத்தடித்த 2015, சந்தையே விழுந்து வர்த்தகத்தை இடையில் நிறுத்திவைத்த 2020 மார்ச், இவை எல்லாம் உள்ளே வரட்டும். உங்கள் முறை மேல்நோக்கிப் போகும் சந்தையில் மட்டும் நன்றாக இருந்தால், அதே காலத்தில் சும்மா நிஃப்டியை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பக்கத்தில் ஒரு பத்தி போட்டுப் பாருங்கள். டிவிடெண்டும் சேர்ந்த நிஃப்டியோடு ஒப்பிடுங்கள். அண்ணன் சொல்வதற்கும் ஒரு நியாயமான பத்தி தாளில் இருக்கட்டும்.

இன்னொன்று. 2020 நவம்பரில் மட்டும் உங்கள் தாளில் 19 டிரேடுகள். தடுப்பூசிச் செய்தி வந்து மொத்தச் சந்தையும் கிளம்பிய மாதம் அது. 19 பங்குகளும் ஒரே அலையில் ஏறின. அதை 19 தனித்தனி வெற்றி என்று எண்ணக்கூடாது, ஏறக்குறைய ஒரே வெற்றிதான். தவிர, டிரேடுக்கு ஒரு லட்சம் என்று வைத்தால், 6 லட்சத்தில் அந்த 19-ஐயும் உங்களால் வாங்கியிருக்க முடியாது. எந்த ஆறை எடுப்பீர்கள்? முதலில் வந்ததையா, வால்யூம் அதிகமானதையா? அதற்கு விதி எழுதாதவரை 58% என்ற எண் உங்களுக்குச் சொந்தமானது அல்ல.

செலவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 50,000 ரூபாய்க்கு வாங்கி ஏறக்குறைய அதே விலைக்கு விற்றால் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி இரண்டு பக்கமும் 0.1% வீதம் 100 ரூபாய். முத்திரைக் கட்டணம், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், டீமேட்டிலிருந்து போகும் டிபி கட்டணம் எல்லாம் சேர்த்தால் தரகு இல்லாமலே சுமார் 125 ரூபாய், அதாவது 0.25%. நினைத்த விலையில் கிடைக்காமல் போவதற்காகப் பெரிய பங்குகளுக்கு நான் வாங்கும்போது 0.2%, விற்கும்போது 0.2% ஒதுக்குவேன். ஆக, டிரேடுக்கு 0.65% போய்விடும். மிஞ்சும் லாபத்தில் ஒரு வருஷத்துக்குள் விற்றால் 20% வரி. அண்ணன் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை விலக்குப் போக, 12.5%. இந்த வித்தியாசத்தையும் தாண்டித்தான் உங்கள் முறை ஜெயித்தாக வேண்டும்.

ஜோசியம் என்ற அண்ணனின் பேச்சு எனக்கு இன்னொரு விதத்தில் உதவுகிறது. ராகு காலத்தில் பங்கு வாங்கக் கூடாது என்று யாராவது சொன்னால், அதைக்கூட என்னால் சோதிக்க முடியும். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சந்தை திறக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. செவ்வாய் மூன்று மணிக்கு ஆரம்பிப்பதால் கடைசி அரை மணி மட்டும் மாட்டும். புதன், வியாழன், வெள்ளி முழுசாக உள்ளே வரும். இருபது வருஷ விலைகளை எடுத்து அந்த நேரத்தில் வாங்கியதையும் மற்ற நேரத்தில் வாங்கியதையும் ஒப்பிட்டால் தீர்ந்தது. வித்தியாசம் எதுவும் வராது என்பது என் எதிர்பார்ப்பு, ஆனால் அது தோற்கக்கூடிய விதி என்பதால் அதை மதிக்கிறேன். "அனுபவம் வந்தால் சார்ட் உங்களுக்கே பேசும்" என்று சொல்லும் முறை நவீனமாகத் தெரியும். பங்கு ஏறினால் முறை சரி, இறங்கினால் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. அதை யாராலும் தோற்கடிக்க முடியாது, அதனாலேயே அதை எடைபோடவும் முடியாது. உங்கள் பிரேக்அவுட் விதி தோற்கக்கூடியது. அதன் முதல் தகுதியே அதுதான்.

இனி என்ன செய்யலாம்? திருத்திய விதியை 2008 முதல் 2018 வரை மட்டும் சோதியுங்கள். 20-க்குப் பதில் 15, 25, 30 என்றும் போட்டுப் பாருங்கள். சிறந்த எண்ணைப் பொறுக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. 20-இல் நல்ல லாபம், 18-இலும் 22-இலும் நஷ்டம் என்றால் அந்த லாபம் தற்செயல். அக்கம்பக்கத்து எண்கள் எல்லாம் ஓரளவு ஒத்துப்போனால் அதில் விஷயம் இருக்கிறது. அதுவரை 2019-க்குப் பிந்தைய விலைகளை மறுபடி தொட வேண்டாம். அதில் நான்கரை வருஷத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், அதனால் அந்தப் பகுதி கொஞ்சம் கறைபட்டதுதான். ஆனாலும் மிச்சத்தைக் காப்பாற்றிவைப்பது நல்லது. முடிவான விதியை அதில் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள்.

ஓட்டுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: செலவும் வரியும் போக இண்டெக்ஸ் ஃபண்டைவிட ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடுதலாக வந்தால் தொடர்வேன், உச்சத்திலிருந்து எவ்வளவு இறங்கினால் எனக்குத் தாங்காது. தேதி போட்டு வையுங்கள். அண்ணனையும் எழுதச் சொல்லுங்கள், எந்த முடிவு வந்தால் அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்வார் என்று. எந்த முடிவு வந்தாலும் மாறமாட்டேன் என்றால் அவருடைய பேச்சை இந்த விஷயத்தில் நீங்கள் ஓரமாக வைத்துவிடலாம்.

45,000 ரூபாயை இப்போது கட்ட வேண்டாம். பயிற்சியாளரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். ஆய்வாளர் என்றால் ஐஎன்எச், ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்று ஆரம்பிக்கும், செபியின் தளத்தில் சரிபார்க்கலாம். கூடவே, தோற்ற டிரேடுகளும் உள்ள முழுப் பட்டியலைக் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். கொடுத்தால் அதையும் உங்கள் தாளில் ஏற்றி இதே கேள்விகளைக் கேட்போம். அவர் முகத்தைப் பார்த்து ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

சோதனையில் முறை தேறினால் 1 லட்சத்தில் ஆரம்பியுங்கள். ஒரு டிரேடில் நஷ்டம் 1,000 ரூபாய்க்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய்க்கு வாங்கி 460-இல் வெளியேறுவதாக இருந்தால் 25 பங்குதான், 12,500 ரூபாய். தொகை சிறிதாக இருப்பதால் டிபி கட்டணம் கொஞ்சம் கடிக்கும், படிக்கும் செலவாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்தில் நான்கு ஜெயிக்கும் முறையில்கூட, 100 டிரேடு செய்தால் அதில் எங்காவது தொடர்ந்து ஏழு தோல்வி வருவதற்கே வாய்ப்பு அதிகம். அந்த ஏழாவது தோல்வியில் விதியை மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள், குறித்துக்கொண்டு எட்டாவதை எடுங்கள். 1 லட்சம் 80,000 ஆகிவிட்டால் நிறுத்திவிட்டு, தாளில் இருந்ததற்கும் கையில் நடந்ததற்கும் எங்கே வித்தியாசம் என்று வரி வரியாகப் பாருங்கள். மீதி 5 லட்சத்தில் ஆறு மாத வீட்டுச் செலவை எஃப்டியில் போட்டுவிடுங்கள். மிச்சம் அண்ணன் சொன்ன இடத்திலேயே இருக்கட்டும்.